பதிவேட்டில் பன்னிரண்டேகால்

நுண்ணோக்கியில் ஒரு நிமிடம்கூடக் கண்ணை வைக்காமல் "இது ஒட்டிக்கிட்டிருக்கு" என்று சொன்ன மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருடம் கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை குனிந்து அந்தச் செல்களைப் பார்த்தவள் நான். அவர் பார்த்ததெல்லாம் நான் பென்சிலில் வரைந்து கொடுத்த படத்தை, அதுவும் காபி ஆறுகிற நேரத்துக்கு.

அவர் எங்கள் துறைத் தலைவர். நான் அவரிடம் ஆராய்ச்சி மாணவி. ஆய்வகம் நாவலூரில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில். பண்ணை அங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், வேடந்தாங்கல் பக்கம். அந்தப் பண்ணையில் ஒன்பது வருடம் தினக்கூலியாக இருந்த ஒரு பெண்மணியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒன்பது வருடம் கழித்து, நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் அக்காவின் பெயர் ஏறியிருந்தது. அந்தப் பெயரை எப்படி அடித்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செய்துகொண்டிருந்த வேலையைச் சொன்னால்தான் இது புரியும். மக்காச்சோளத்துக்கு மெக்சிகோ மலைப்பக்கத்தில் ஒரு காட்டு உறவு உண்டு. பார்த்தால் வெறும் புல். வெட்ட வெட்டத் துளிர்க்கும், வருடக்கணக்கில் நிற்கும். அதை இந்தச் சோளத்தோடு கலந்தால், ஒரு முறை நட்டுப் பல வருடம் அறுக்கிற மாட்டுத் தீவனம் கிடைக்கும் என்பது திட்டம். மக்காச்சோளத்தின் செல்லில் இருபது குரோமோசோம்கள், புல்லில் நாற்பது. கலப்புச் செடிக்கு இருவரும் தங்களுடையதில் பாதியைக் கொடுப்பார்கள். சோளத்திலிருந்து பத்து, புல்லிலிருந்து இருபது, ஆக முப்பது. மகரந்தம் உருவாகும் சமயத்தில் குரோமோசோம்கள் தமக்கு நெருங்கியதைத் தேடிப் போய் ஜோடி சேரும். இந்த முப்பதில் எது எதோடு சேர்கிறது என்று எண்ணுவது என் வேலை.

தலைவர் திட்டத்தை எழுதும்போதே விடையையும் எழுதிவிட்டிருந்தார். புல்லின் இருபதும் தங்களுக்குள்ளேயே பத்து ஜோடியாகிவிடும், சோளத்தின் பத்தும் துணையில்லாமல் தனியே நிற்கும் என்பது அவருடைய கணிப்பு. அப்படி இருந்தால் வசதிதான். கோல்ச்சிசின் மருந்து வைத்து (நம் புதர்களில் படர்கிற செங்காந்தள் கிழங்கில் இருக்கிற அதே நஞ்சு) முப்பதை அறுபதாக்கினால் ஒவ்வொன்றுக்கும் தன்னைப்போலவே ஒரு துணை கிடைத்துவிடும், செடி ஒழுங்காக விதை கட்டும். சோளமும் புல்லும் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தால் அந்தக் கணக்கு போச்சு. இரட்டிப்பாக்கினாலும் நான்கும் ஆறுமாகச் சிக்கிக்கொள்ளும், விதை பதராகும்.

நான் பார்த்தது இதுதான்: ஐந்து இடத்தில் மூன்று மூன்றாக, ஐந்து ஜோடி, ஐந்து தனி. கூட்டிப் பாருங்கள், முப்பது வரும். எல்லாச் செல்லும் அப்படியே இருந்தது என்று புளுக மாட்டேன். சிலதில் மும்மை நான்குதான் இருந்தது, ஜோடி ஆறு, தனி ஆறு. ஆனால் அதிகம் வந்தது ஐந்து, ஐந்து, ஐந்துதான். அப்படியென்றால் சோளத்தின் பத்தில் ஐந்து, புல்லின் ஜோடிகளுக்குள் மூன்றாவதாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. மற்ற ஐந்தை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. மக்காச்சோளம் நாம் நினைக்கிற மாதிரி ஒரே வம்சமல்ல, என்றோ ஐந்தும் ஐந்துமாக இரண்டு வம்சம் கூடி உண்டானது என்பதற்கான தடயம் அது. வெளிநாட்டில் முன்பே இப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தலைவருக்கும் அது தெரியும். கேட்டால், "நம்ம செடி வேற" என்பார்.

இந்த எண்ணிக்கை முழுவதும் அக்காவின் கையை நம்பித்தான் இருந்தது. வெயில் ஏறுகிற ஒன்பது மணியிலிருந்து பத்தரைக்குள், ஆண் பூக்கொத்து இன்னும் இலைச்சுருளுக்குள் ஒளிந்திருக்கும்போதே அதை எடுத்து, நின்ற இடத்திலேயே ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த குப்பியில் போட்டுவிட வேண்டும். போட்டதும் செல் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். பறித்து வைத்திருந்து பிறகு போட்டால் பூ வாடி, குரோமோசோம்கள் உண்மையிலேயே ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுத்துப் போகும். வெளியே தெரியாத பூவின் பருவத்தை அக்கா சுருளை விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லிவிடுவார். நானும் அழுத்திப் பார்ப்பேன், ஒன்றும் புரியாது.

"இன்னாமா, தொட்டாத் தெரியலயா? கொழகொழன்னு இருந்தா பிஞ்சு. வெறப்பா இருந்தா முத்திப்போச்சி. ரெண்டுக்கும் நடுவுல பஞ்சு கணக்கா கீது பாரு, அதான் உன்னுது."

குப்பியில் பூவைப் போட்டவுடன் ஒரு துண்டுக் காகிதத்தில் செடி எண்ணையும் நேரத்தையும் எழுதி அதையும் உள்ளேயே போடுவார். பேனாவில் எழுதினால் ஆல்கஹாலில் கரைந்துவிடும், அதனால் பென்சில். எட்டாவது வரை படித்தவர், எண்களை அச்சுப்போல எழுதுவார். பிறகு குப்பிகளைச் சாப்பாட்டுப் பையில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி வேறு பஸ் பிடித்து நாவலூர் வந்து சேர மதியமாகிவிடும். பறவை பார்க்க கார்களில் வருகிறவர்கள் சாலையை அடைத்துக்கொள்ளும் ஜனவரியில் இன்னும் தாமதம். பையிலிருந்து வருகிற நெடிக்கு ஒரு கண்டக்டர், "காலங்காத்தால சரக்கா?" என்று கேட்டாராம். "சரக்குதான். பூவுக்குக் குடுத்துட்டேன், உனக்கு மிச்சமில்ல" என்றாராம் அக்கா. இன்னொரு கண்டக்டர் பாதி வழியில் இறக்கியே விட்டார். அந்த விஷயம் தலைவர் காதுவரை போயிருந்தது.

ஆய்வகத்தில் ஒரு பதிவேடு உண்டு. அதில் 'நேரம்' என்று ஒரே ஒரு கட்டம். பூவைக் குப்பியில் போட்ட நேரமா, குப்பி எங்கள் கைக்கு வந்த நேரமா என்று அதில் இல்லை. வாசல் காவலாளியும் குப்பி வந்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதுவார். அவருடைய நோட்டும் எங்கள் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் தணிக்கைக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று எனக்கு முன்னால் இருந்த மாணவி சொல்லிவிட்டுப் போனாள். நானும் சரியென்று குப்பி வந்த நேரத்தையே எழுதினேன். 12.15. 12.30. ஒருநாள் 1.05. உள்ளே கிடக்கிற பென்சில் சீட்டில் 9.20 என்று இருக்கும். அதைப் படித்துக்கொண்டே 12.15 என்று எழுதியிருக்கிறேன். இதைவிட மடத்தனம் இருக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

படங்களை அவர் மேசையில் வைத்த அன்று அக்காவும் குப்பிகளோடு வந்திருந்தார்.

"என்னம்மா இது, மூணு மூணா? பத்து ஜோடி எங்க?"

"இல்ல சார். பெரும்பாலும் இப்படித்தான் வருது."

"வராது. இது ஒட்டிக்கிட்டிருக்கு. பூவை லேட்டா போட்டிருக்காங்க." பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். விரலை ஓட்டினார். "பாரு. பன்னிரண்டேகால். பன்னிரண்டரை. மத்தியானத்துக்கு மேல போட்டா ஒட்டாம என்ன செய்யும்?"

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். பதிவேட்டில் பன்னிரண்டேகால் என்று இருக்கிறது, பஸ்ஸில் நெடி வருகிறது என்று தகராறு ஆனதால், பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து நாவலூரில்தான் குப்பியில் போடுகிறாய், இல்லையா என்று தலைவர் கேட்டார். கேட்டார் என்பதுகூடத் தப்பு. முடிவு செய்துவிட்டுச் சொன்னார்.

"இல்ல சார். செடியாண்டதான் போடறேன். ஒம்போது, ஒம்போதரைக்கெல்லாம் போட்டுடுவேன்." அக்கா என் பக்கம் திரும்பினார். "இவங்களக் கேளுங்க சார். இவங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும். சார், அது நான் எழுதியது, குப்பி வந்து சேர்ந்த நேரம். என் ஆய்வுச் சுருக்கம் அவருடைய கையெழுத்துக்காக அதே மேசையின் இடது ஓரத்தில் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன். அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

என் அம்மா இன்னொருவர் வயலில் நாற்று நட்டவர். கணக்கெழுதுகிறவன் ஒரு நாளைக் குறைத்து எழுதிவிட்டால் வாய்விட்டுக் கேட்க முடியாமல் வீட்டுக்கு வந்து குமுறுவார். அந்த வயிற்றில் பிறந்தவள் நான், அந்த அறையில் அப்படி நின்றேன்.

அடுத்த வாரம் பட்டியலிலிருந்து அக்காவின் பெயர் போயிற்று. 'பணியில் கவனக்குறைவு' என்று ஒரு வரி. ஒன்பது வருடத்துக்கு ஒரு வரி. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று, பண்ணைக்குக் கூலியாட்களை அனுப்புகிற ஒப்பந்தக்காரர் போனில் சொன்னாராம். எழுதிக்கூடக் கொடுக்கவில்லை.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குப்பிகளைத் திறந்து பென்சில் சீட்டுகளை எடுத்துக் காயவைத்து ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுபோனேன். 9.20, 9.35, 10.05. தலைவர் ஒன்றைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

"இது யார் எழுதினது? அந்த அம்மாவே எழுதினது. அவங்க என்ன வேணா எழுதலாம். ரெகார்டு எது? சீட்டா, ரெஜிஸ்டரா?"

"ரெஜிஸ்டர் சார்."

அதைச் சொன்னதும் நான்தான். ரெஜிஸ்டரில் யார் எழுதினார்கள் என்று அவர் கேட்கவில்லை. என் கையெழுத்தை மூன்று வருடமாகப் பார்க்கிறவர், அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கேட்காததால் நானும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அந்தச் செடிகள் பகல் சுருங்கும் காலத்தில்தான் பூக்கும். அடுத்த மார்கழி வரை காத்திருந்து, நானே பண்ணைக்குப் போய் என் கையால் பூ எடுத்தேன். அக்கா இல்லாமல் அது என்ன பாடு என்று அப்போதுதான் தெரிந்தது. சுருளைத் தொட்டுப் பார்த்து எதுவும் பிடிபடாமல், கிழித்துக் கிழித்துப் பார்த்தேன். ஒன்று பிஞ்சு, ஒன்று முற்றல். ஒரு வரிசைச் செடியையே பாழாக்கினேன். அக்கா ஒன்பது வருடத்தில் அத்தனை செடியைக் கெடுத்திருக்க மாட்டார். கவனக்குறைவாம்.

கடைசியில் சரியான பருவத்தில் கொஞ்சம் கிடைத்தது. ஒன்பதரைக்குக் குப்பியில் போட்டேன். சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டை வைத்துக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். ஐந்து மும்மை, ஐந்து ஜோடி, ஐந்து தனி. அடுத்ததிலும் அதே. எல்லாவற்றையும் வரைந்து கொண்டுபோய் வைத்தேன். இந்த முறை ஒட்டிக்கிட்டிருக்கு என்று சொல்ல வழியில்லை, போட்டது நான். தலைவர் படங்களை நிதானமாகப் புரட்டிவிட்டு, "இன்ட்ரஸ்டிங்" என்றார்.

"அப்போ அக்கா போட்டதும் சரிதானே சார். அவங்களத் திரும்ப..."

"அது அட்மினிஸ்ட்ரேஷன் விஷயம்மா. நீ தீசிஸை முடி."

முடித்தேன். பட்டமும் வந்தது. கல்யாணம் ஆகிப் பெண் குழந்தையும் பிறந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் கருத்தரங்கு. தலைவர் என் படங்களைத் திரையில் போட்டுப் பேசினார். சோளத்துக்குள் ஐந்தும் ஐந்துமாக இரண்டு வம்சம் இருப்பதைத் தாம் முதலிலிருந்தே சந்தேகித்ததாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சொன்னார்: "ஆரம்பத்துல ஃபீல்டு ஸ்டாஃப் பண்ணின தவறுகளால கொஞ்சம் தாமதமாச்சு. அதையும் மீறித்தான் இந்த முடிவுக்கு வந்தோம்." எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டிப் பாராட்டினார். இத்தனை நாளாகப் பொய் என்று தெரிந்த ஒன்றை மைக் வைத்துச் சொல்கிறாரே, இவருக்கு நாக்கு கூசாதா? மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து பஸ் ஏறினேன்.

அக்கா முட்டுக்காட்டில் மகள் வீட்டோடு இருப்பதாகவும், படகுத்துறைப் பக்கம் ஒரு ஓட்டலில் மேசை துடைக்கிற வேலை என்றும் பண்ணையில் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூட்டம் அடங்கிய நேரம். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னாமா, இவ்ளோ தூரம்? எளைச்சிட்ட. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அக்கா." பொய். "நீங்க போட்ட பூ எல்லாம் சரியா இருந்துச்சு. எதுவும் ஒட்டல. அந்தப் படம் சரிதான்னு அவரே இன்னைக்கு மேடையில ஒத்துக்கிட்டாரு."

"அது எனக்குத் தெரியாதா? நின்ன எடத்துல போட்டவ நானு." நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டார். "ஆனா அந்தாளு பன்னெண்டேகால்னு எழுதி வெச்சிக்கினான் பாரு, அது எங்கேந்து வந்துச்சின்னுதான் இன்னி வரைக்கும் புரியல. எனக்கு வேல போவணும்னே எழுதிக்கினான். வயிறு எரிஞ்சிச்சிமா. அம்மன் கோயில் வாசல்ல நின்னு மூணு தபா மண்ண வாரித் தூத்தினேன். நீ நல்லா இருப்பியாடா, உன் குடும்பம் வெளங்குமான்னு."

இங்கே நான் பேசாமல் இருந்திருக்கலாம். மூன்று வருடம் பேசாமல் இருந்த வாய்தானே. ஆனால் மேடையில் கேட்ட பொய் இன்னும் காதில் எரிந்துகொண்டிருந்தது. அதே மாதிரி ஒரு பொய்யை நானும் இங்கே வந்து உட்கார்ந்து வளர்க்க முடியாது.

"அது என் கையெழுத்து அக்கா. குப்பி வந்து சேர்ற நேரத்த எழுதினேன். தப்புன்னு அன்னைக்கே தெரியும். சொல்லல."

"நீயா?"

"நான்தான்."

அக்கா தோளிலிருந்த துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை மறுபடி துடைத்தார். "இவங்களக் கேளுங்க சார்னு சொன்னேனே. பக்கத்துலதானே நின்னுகினு இருந்த."

"ஆமா."

"நீ பயந்துட்டன்னு நெனச்சேன். சின்னப் பொண்ணு, பாவம்னு." "ஒம்போது வருசம்மா."

நான் என்னென்னவோ சொன்னேன். ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அக்கா காதில் வாங்கினாரா தெரியவில்லை.

"அவருக்குப் புள்ளகுட்டி கீதா?"

அதுவரை அவன் என்று சொன்னவர் இப்போது அவர் என்றார்.

"ஒரு பையன்."

"அப்ப நாளைக்கே கோயிலுக்குப் போயி அதத் திருப்பி வாங்கிக்கணும். எழுதாத ஆளுக்குப் போட்டுட்டேன்."

வேண்டாம் அக்கா, அந்த ஆளுக்கு அது தகும், உங்களை ஒரு வார்த்தை விசாரிக்காமல் அனுப்பியவர், இன்றுகூட உங்கள் மேல் பழி போட்டுக் கைதட்டல் வாங்கியவர் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"உனக்கும் ஒரு பொண்ணு பொறந்துகீதுன்னு சொன்னாங்களே" என்றார் அக்கா.

"ஆமாக்கா. ஆறு மாசம்."

"ம்."

அவ்வளவுதான். பஸ் வருகிற நேரம், கிளம்பு என்றார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் படியிறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு எழுதினேன். தலைவருக்கும் ஒரு நகல். நேரத்தை எழுதியது நான், பூவைப் போட்டவர்மீது எந்தத் தவறும் இல்லை என்று சுற்றி வளைக்காமல் எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அந்தப் பட்டியல் முடிந்துவிட்டது என்று ஒரு குமாஸ்தா போனில் சொன்னார். விடப்போவதில்லை, இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அதோடு நான் குரோமோசோம் எண்ணிப் பட்டம் வாங்கியவள். மண் தூற்றுவதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மகளுக்குக் கொஞ்சம் உடம்பு சுட்டால், தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன்னால், அக்கா அந்தக் கோயிலுக்குத் தலைவருடையதைத் திருப்பி வாங்க மட்டும்தான் போனாரா என்ற கேள்வி வந்து நிற்கிறது. கேட்டுவிட்டு வரலாம் என்று இரண்டு முறை முட்டுக்காடு வரை போனேன். பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.